மறுபடி கிளிஞ்சல் சுண்ணாம்பு: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீடு திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் இருக்கிறது. மாமனாரின் அப்பா கட்டியது. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், முன்னால் நீளத் திண்ணை. சுவர் பூராவும் சுட்ட செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். சிமெண்ட் ஒரு சட்டி கூட அதில் போகவில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 28 வருஷம் ஆகிறது. 23 வருஷம் இதற்குச் சுண்ணாம்பு அடித்தோம். நடுவில் இரண்டரை வருஷம் எமல்ஷன் பெயிண்ட். 2024 தையிலிருந்து மறுபடி சுண்ணாம்பு. இரண்டையும் ஒரே சுவரில் வைத்துப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். டெல்டாவில் பழைய வீட்டை வைத்துக்கொண்டு என்ன பூசுவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

2021-இல் மகளுக்குக் கல்யாணம். வெள்ளையடித்தால் பட்டுப் புடவையில் ஒட்டும், வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சரி என்றேன். பட்டி பார்த்து (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு), பிரைமர் அடித்து, அதன் மேல் இரண்டு கோட் சந்தன நிற எமல்ஷன். கூலியும் சாமானும் சேர்த்து 46,000 ரூபாய். அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கல்யாண போட்டோக்களில் எங்கள் வீடு புது வீடு மாதிரி தெரிகிறது.

எங்கள் ஊர் கடைமடை. வழக்கமான வருஷத்தில் ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால் இங்கே வந்து சேர நாளாகும். வந்துவிட்டால் நாலைந்து மாதம் சுற்றிலும் தண்ணீர்தான். வயலில் நிற்கும், வாய்க்காலில் ஓடும், கிணற்றில் கையெட்டும் உயரத்துக்கு ஏறும். அதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மழை. பழைய வீட்டு அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியே மூன்றடி, நாலடி ஏறும். அதைத்தான் ஓதம் என்கிறோம். சுண்ணாம்புச் சுவரில் அந்த ஈரம் ஏறியபடியே வெளியேயும் போய்விடும். காலையில் நிறம் மங்கித் தெரியும், வெயில் வந்தால் காய்ந்துவிடும். எங்கள் மாமியார் இதை ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: "செவுரு மூச்சு விடுது."

எமல்ஷன் அடித்த சுவரால் அப்படி மூச்சு விட முடியவில்லை. அக்ரிலிக் எமல்ஷன் காய்ந்தால் சுவர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒன்று படர்கிறது. ஈரம் அதற்குப் பின்னால் வந்து நிற்கிறது. இது கடலோர மண் என்பதால் ஈரத்தோடு உப்பும் வரும். அந்த உப்பு தோலுக்குப் பின்னால் பூத்து, படிகமாகி, உள்ளிருந்து நெட்டித் தள்ளும். 2022 கார்த்திகையில் சமையலறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு முதல் கொப்புளம் வந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் திண்ணைச் சுவர், கூடம், பூஜை அறை என்று எல்லா இடத்திலும் அடியிலிருந்து நாலடி உயரம் வரை பொருக்குத் தட்டி உதிர்ந்தது. சில இடங்களில் தோலோடு சேர்ந்து பழைய காரையும் பெயர்ந்து வந்தது. எனக்கு மனசு தாங்காமல் போனது அப்போதுதான். எண்பது, தொண்ணூறு வருஷம் நின்ற பூச்சு அது.

பெயிண்ட் கடையில் போய்க் கேட்டேன். டேம்ப் புரூப் என்ற ஈரத்தடுப்புப் பூச்சை அடித்து அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும் என்றார்கள். அதாவது இன்னொரு பிளாஸ்டிக் தோல். அந்தக் கடையின் பெயரோ பெயிண்டின் பெயரோ வேண்டாம். குறை அந்த வாளியில் இல்லை. மன்னார்குடியில் என் தம்பி கட்டிய சிமெண்ட் வீட்டில் அதே வகைப் பெயிண்ட் ஆறு வருஷமாக அப்படியே இருக்கிறது. எங்கள் சுவருக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் என்னைச் சுண்ணாம்புக்குத் திருப்பியது சுவரின் கோலம் மட்டும் இல்லை. உதிர்ந்த பொருக்கு எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். தினமும் பெருக்கினேன். பெருக்குவதற்குள் கொஞ்சம் காற்றில் போகும், கொஞ்சம் கோழி கொத்தும், முற்றத்தில் விழுந்தது மழைத் தண்ணீரோடு கொல்லைக்கு ஓடி அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் எங்கள் வயலுக்குப் போகிறது, மிச்சம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் கடலில் சேர்கிறது. ஒரு நாள் வாய்க்கால் மதகில் நுரையும் குப்பையும் ஒதுங்கியிருந்த இடத்தில் சந்தன நிறச் செதில்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர்தான், சந்தேகமே இல்லை. அது மக்காது. சின்னதாகும், இன்னும் சின்னதாகும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போனாலும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். பிளாஸ்டிக் பை போடாதே என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், வீட்டுச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக்கைப் பூசி வாய்க்காலில் விட்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாடு வேறு இருக்கிறது. எங்களிடம் இருப்பது உம்பளச்சேரி பசு ஒன்றும் கன்றும். மாடு சுவரை நக்கும், உப்புக்காகவோ சுண்ணாம்புக்காகவோ. அது பெயிண்ட் உரிந்த சுவரை நக்குவதைப் பார்த்ததும் கொட்டகையை மாற்றிக் கட்டினோம். புதுப் பெயிண்டை விட எனக்குப் பயம் கொடுத்தது பழைய எனாமல்தான். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் கம்பி, கதவு, ஜன்னலுக்கு அடித்த பளபள எனாமலில் எவ்வளவு ஈயம் இருந்தது என்று பார்த்து யாரும் சொல்ல முடியாது. அந்தப் பொருக்கை நக்கி மாடு செத்துப்போவது கால்நடை வைத்தியர்களுக்குத் தெரிந்த சங்கதி. தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் போட்டால் மூளை வளர்ச்சியே கெடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் பழைய எனாமல் இருந்தால் தயவுசெய்து உப்புத்தாளை வைத்துக் காயக் காயத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் இப்போது கொம்புக்கு எனாமல் அடிப்பதில்லை. செங்காவியைக் குழைத்துப் பூசுகிறோம். நாலு நாளில் போய்விடும், போனால் என்ன.

பெயிண்ட் அடிக்க வந்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவுக்கு எனாமல் அடித்த இரண்டு நாளும் தின்னர் நெடியில் இருமிக்கொண்டே இருந்தான். முகக்கவசம் கொடுத்தால், "பழகிப்போச்சு டீச்சர்" என்றான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயிண்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வகையில் 1989-இல் வைத்துவிட்டது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தண்ணீரில் கரையும் எமல்ஷனில் நெடி குறைவு, நெடியே இல்லை என்று சொல்லும் ரகமும் இப்போது கிடைக்கிறது. நெடி குறைந்தாலும் கடைசியில் சுவரில் நிற்பது பிளாஸ்டிக்தான். வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசில் வருவதில்லை. கடற்கரைக் கருமணலைத் தோண்டி, கந்தக அமிலத்திலோ குளோரினிலோ பிரித்தெடுப்பது. கொல்லம் பக்கம் சவராவில் அந்த ஆலை இருக்கிறது. சுவர் வெள்ளையாக இருக்க இவ்வளவு வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன்.

முதல் கஷ்டம், இருப்பதைச் சுரண்டுவது. பிளாஸ்டிக் தோல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். இரண்டு ஆள், ஆறு நாள், ஆளுக்கு நாளுக்கு 800 ரூபாய் கூலி. எமல்ஷன் உரிந்து வந்துவிட்டது. அதன் கீழே பட்டிதான் கல் மாதிரி பிடித்துக்கொண்டது. சுரண்டிய பொருக்கு நாலு சாக்கு. போகியன்று கொளுத்திவிடலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெயிண்டைக் கொளுத்தினால் வரும் புகையை யார் சுவாசிப்பது? ஊராட்சியில் கேட்டேன், இதற்கென்று தனி ஏற்பாடு இல்லை. அந்த நாலு சாக்கும் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றன. பழைய காரை உதிர்ந்ததை மட்டும் தனியாக எடுத்துக் குப்பைக்குழியில் போட்டேன். அது மண்ணோடு மண்ணாகிவிட்டது. இந்த இரண்டு குப்பைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரை பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது சாமான். பாக்கெட்டில் விற்கும் நீற்றிய (சுட்டதைத் தண்ணீர் சேர்த்துப் பொரிய வைத்த) சுண்ணாம்புப் பொடி எல்லாக் கடையிலும் உண்டு. வாங்கிப் பார்த்தேன், தேறவில்லை. எத்தனை மாசம் காற்றுப்பட்டுக் கிடந்ததோ, பாதி அப்போதே செத்துப்போயிருந்தது. சுவரில் சாக்பீஸ் மாதிரி ஒட்டிக்கொண்டு, கை பட்டால் கொட்டியது. விசாரித்ததில் வேதாரண்யம் பக்கத்துக் காளவாய்ச் சூளையிலிருந்து சுட்ட கிளிஞ்சல் எடுத்து விற்கும் ஒருவர் கிடைத்தார். கிலோ 22 ரூபாய், 75 கிலோ எடுத்தேன். நல்ல சரக்கு. சூடு ஆறியதும் தார்ப்பாயில் இறுகக் கட்டிக் கொடுத்தார், வரும் வழியில் காற்றுப்படவில்லை. நடுவில் சரியாக வேகாத கிளிஞ்சல் நாலைந்து கிலோ இருந்தது. நீற்றும்போது அது கரையாமல் கிடந்தது தெரிந்தது. சொன்னதும் அடுத்த தடவை அந்த அளவுக்குச் சேர்த்துக் கொடுத்தார். சரக்கிலும் பேச்சிலும் நம்பிக்கையான ஆள்.

அடிக்க வந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர். அறுபத்தைந்து வயது இருக்கும். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அவர் மருமகனும் வந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் சுண்ணாம்பு அடிக்கிறேன் என்று பலர் சொல்வார்கள். பொடியைக் கரைத்து ரோலரில் இழுத்துவிட்டுப் போவதுதான் அவர்கள் வேலை. இவர் வந்து முதலில் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். பொத்தென்று சத்தம் வந்த இடத்திலெல்லாம் காரையைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். நான் அவசரப்படுத்தினேன், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிய வேண்டுமே என்று. "சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது டீச்சரம்மா. ஊற ஊறத்தான் வெண்ணெய் மாதிரி வரும்" என்றார்.

நீற்றுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தொட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கிளிஞ்சல், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. போட்ட இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அடுப்பில்லாமல் அப்படிக் கொதிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னோம். கிளிஞ்சலைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் போகக் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அண்ணன் கை, கால் பூராவும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். கையுறை வாங்கிக் கொடுத்தேன், மருமகன் மட்டும் போட்டுக்கொண்டார்.

நீற்றியதைத் தண்ணீருக்கு அடியிலேயே பதினைந்து நாள் விட்டோம். அப்புறம் பழைய வேட்டியில் இரண்டு தடவை வடிகட்டி, பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, அதில் வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றினார். மாட்டுத்தோலில் எடுக்கும் பசை அது. பூஜை அறைக்கு மட்டும் வேண்டாம் என்று அத்தை சொன்னார்கள். அங்கே அரிசிக் கஞ்சி சேர்த்தோம். கடைசிக் கைக்கு, அதாவது கடைசிப் பூச்சுக்கு, நீலம் ஒரு சிட்டிகை.

சுவரை முந்தின நாள் சாயந்திரமே நனைக்க வேண்டும், அடிக்கும் காலையிலும் தெளிக்க வேண்டும். காய்ந்த சுவர் சுண்ணாம்பில் உள்ள தண்ணீரைக் குடித்துவிட்டால் அது இறுகாது. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, வெறும் தண்ணீர் அடித்த மாதிரி இருக்கும். இங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். வெள்ளை தெரியவில்லையே என்று கெட்டியாக அடிப்பார்கள், அது வெடித்து உதிரும். பொறுத்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளிருந்து வெளுத்துக்கொண்டு வரும். நாளுக்கு ஒரு கையாக, மெல்லியதாக மூன்று கை அடித்தோம். தை மாதப் பனியும் மிதமான வெயிலும் இதற்குத் தோது. சித்திரை வெயிலில் அடித்தால் இறுகும் முன்னால் காய்ந்து மாவாகிவிடும். போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கும் வழக்கத்துக்கு இந்தக் காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் கை காய்ந்த அன்று சாயந்திரம் முற்றத்தில் நின்று பார்த்தேன். எமல்ஷன் வெள்ளைக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். இது வெளிச்சத்தை வாங்கி மெதுவாகத் திருப்பித் தருகிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் சுவர் கொஞ்ச நேரம் இளநீர் வழுக்கை நிறத்தில் இருந்தது.

நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். சுண்ணாம்பில் எல்லா நிறமும் நிற்காது. மஞ்சள்பொடியைச் சுண்ணாம்பில் போட்டால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும், சிவந்துவிடும். வெயில் பட்டால் அதுவும் வெளுத்துவிடும். செடி, பூவிலிருந்து எடுக்கும் சாயம் பெரும்பாலும் சுண்ணாம்பின் காரத்துக்கு நிற்பதில்லை. மண்ணிலிருந்து வருவதுதான் நிற்கும். செங்காவி, மஞ்சள் காவி, கரி. திண்ணைக்குக் கீழே இரண்டடி செங்காவிப் பட்டை போட்டோம், கூடத்துக்கு மஞ்சள் காவி துளி சேர்த்து இளஞ்சந்தன நிறம் வந்தது. பளிச்சென்ற ஊதாவோ கிளிப்பச்சையோ வேண்டுமென்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. ஆனால் மண் நிறம் எவ்வளவு காலம் நிற்கும் என்று பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர்தான் போக வேண்டும். பெரிய கோயில் கட்டி முடித்தது 1010-இல். கருவறையைச் சுற்றியுள்ள உள் அறையில் சோழர் காலத்து ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியவை. அதன் மேல் நாயக்கர் காலத்தில் இன்னொரு பூச்சுப் பூசி வேறு ஓவியம் வரைந்துவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும் வரை உள்ளே இருப்பது வெளியுலகத்துக்குத் தெரியாது. இதே டெல்டா ஈரத்தில்தான் அதுவும் ஆயிரம் வருஷம் இருந்திருக்கிறது.

ஒரு அறையில் மட்டும் சாணப் பெயிண்ட் அடித்துப் பார்த்தேன். காதி கிராமத் தொழில் ஆணையம் 2021 ஜனவரியில் சாணத்தில் செய்த பெயிண்டை வெளியிட்டது பலருக்கு நினைவிருக்கும். அதை உருவாக்கியது ஜெய்ப்பூரில் உள்ள குமரப்பா தேசியக் கைக்காகித நிறுவனம். அந்த ஜே.சி. குமரப்பா 1892-இல் பிறந்தது நம் தஞ்சாவூரில். கிராமத்தில் கிடைப்பதை வைத்துக் கிராமம் பிழைக்க வேண்டும் என்று வாழ்நாள் பூராவும் சொன்னவர். அவர் பெயரில் உள்ள இடத்திலிருந்து சாணப் பெயிண்ட் வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வாங்கியது அவர்களுடையது இல்லை, அதைப் பார்த்துத் தனியாகச் செய்யும் ஒரு சிறு தயாரிப்பாளரிடம். பூசச் சுலபம், நெடி இல்லை, கையில் ஒட்டவில்லை, நிறமும் நன்றாக இருந்தது. வாளியில் பைண்டர், அதாவது சுவரில் பிடிக்கச் சேர்க்கும் பசை, என்று மட்டும் போட்டிருந்தது. எந்த பைண்டர் என்று போன் செய்து கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு அக்ரிலிக் என்றார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எந்தச் சாணப் பெயிண்ட் வாங்கினாலும், இயற்கை என்று போட்ட எதை வாங்கினாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அறை உள்பக்கம் இருப்பதால் இரண்டு வருஷம் தாங்கிவிட்டது, அடியில் மட்டும் லேசாகக் கொப்புளம் வந்திருக்கிறது.

கதவுக்கும் நிலைக்கும் ஆளிவிதை எண்ணெய். தேக்கு என்பதால் அழகாகக் குடித்துக்கொண்டது. காய மூன்று நாள் ஆகும், அதற்குள் தூசி ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நனைத்து, விரித்துக் காயப் போடுங்கள்.

சுண்ணாம்பு மட்டும் சுத்தமா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. நூறு கிலோ கிளிஞ்சலைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு வரும், 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போகும். இது போக எரிக்கும் விறகு, கரி. ஆனால் சுவரில் பூசியபின் சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் கல்லாக இறுகுகிறது. கிளிஞ்சலாக இருந்தது சுண்ணாம்பாகி மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிவிடுகிறது. அடுப்புப் புகை மட்டும் திரும்பி வராது, அது கணக்கில் நிற்கும். கிளிஞ்சல் எங்கே எடுத்தது என்பதும் முக்கியம். கரையில் ஒதுங்கிய செத்த ஓட்டைப் பொறுக்கினால் ஒன்றும் இல்லை. கழிமுகத்தில் உயிருள்ள மட்டியை வாரினால் அது பெரிய பாவம், அலையாத்திக் காட்டை நம்பி இருக்கும் மீனவர் வயிற்றிலும் அடிப்பது. நான் விற்பவரிடம் கேட்டேன், ஒதுங்கிய ஓடு என்றார். சரக்கில் பழுப்பேறித் தேய்ந்த ஓடுகள்தான் இருந்தன என்பதால் நம்பினேன். உங்களுக்கு அரியலூர்ப் பக்கத்துக் கற்சுண்ணாம்பு சுலபமாகக் கிடைத்தால் அதுவும் சரிதான், ஆனால் கிளிஞ்சலின் வழவழப்பு அதில் வராது. இன்னொன்று, கழுவிய சுண்ணாம்புத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். காரம் அதிகம், மீன் செத்து மிதக்கும். கொல்லையில் குழி வெட்டி ஊற்றிவிட்டால் மண்ணில் இறுகிவிடும்.

இப்போது இரண்டு மழைக்காலம் முடிந்திருக்கிறது. அடிச்சுவரில் ஓதம் ஏறுகிறது, இறங்குகிறது. உப்புப் பூத்ததைத் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிடுகிறேன். உரிதல் ஒரே ஒரு இடத்தில், ஊஞ்சல் பக்கம், பழைய பட்டியைச் சரியாகச் சுரண்டாத கையகல இடம். பூஞ்சணம் சமையலறையில் முதல் வருஷம் எட்டிப் பார்க்கவில்லை, இரண்டாம் வருஷம் புகைபோக்கிப் பக்கம் கொஞ்சம் வந்தது. புதுச் சுண்ணாம்பின் காரத்துக்குப் பூஞ்சணம் அண்டாது, இறுக இறுக அந்தக் காரம் குறைந்துவிடும். ஆஸ்துமா உள்ள என் அத்தைக்கு இந்த இரண்டு கார்த்திகையும் பரவாயில்லை. அதற்குச் சுவர்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாய்ந்தால் துணியில் ஒட்டும், வஜ்ஜிரம் போட்டதால் குறைவு, ஆனால் ஒட்டும். திண்ணையில் உட்காருபவர்கள் முதுகுக்காக நாலடிக்கு ஒரு பாய் மாட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கை பட்டால் துடைத்து எடுக்க முடியாது, மேலே ஒரு கை அடிக்கத்தான் வேண்டும். பேரன் கிறுக்கியதையும் அப்படித்தான் மறைத்தோம். மழை நேராக அடிக்கும் மேலண்டைச் சுவருக்கு வருஷா வருஷம் ஒரு கை தேவைப்படுகிறது. இதற்கெல்லாம் ஆள் கிடைக்க வேண்டும், அதுதான் பெரிய குறை. அண்ணனுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. மருமகன் திருப்பூர் போகலாமா என்று யோசிக்கிறார். அவர்களுக்கு நாங்கள் கொடுத்த கூலி ஆளுக்கு நாளுக்கு 900 ரூபாய். பெயிண்டருக்குக் கொடுப்பதை விடக் குறையக் கூடாது என்று நான் வைத்தது. பேரம் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செலவு இதுதான்: சுரண்டியதற்கு 9,600, அடித்த கூலி நாலு நாளுக்கு 7,200, கிளிஞ்சல், வஜ்ஜிரம், காவி எல்லாம் சேர்த்து 2,900. ஆக 19,700 ரூபாய். போன வருஷம் தையில் மேலண்டைச் சுவருக்கும் அடிச்சுவருக்கும் மட்டும் அடித்தது 2,600.

யார் செய்யலாம்? செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், சுண்ணாம்புதான். மண் சுவருக்கும் அப்படியே. புதுச் சிமெண்ட் வீட்டில் ஏற்கெனவே எமல்ஷன் நன்றாக இருந்தால் அதைச் சுரண்டி எடுத்து நாலு சாக்குக் குப்பை பண்ண வேண்டாம். அது தானாகத் தேயும்வரை விட்டுவிட்டு அடுத்த தடவை யோசியுங்கள். இன்னும் பெயிண்டே அடிக்காத சிமெண்ட் பூச்சு என்றால் நேராகச் சுண்ணாம்பு அடிக்கலாம், பட்டி மட்டும் பார்க்காதீர்கள்.

இந்தத் தைக்கு மேலண்டைச் சுவர் மட்டும்தான் பாக்கி. பதினைந்து கிலோ கிளிஞ்சல் நேற்று வந்தது. அண்ணனால் ஏணி ஏற முடியாது, தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நீற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மூடி வைத்திருக்கிறோம், இன்னும் இரண்டு வாரம் ஊற வேண்டும்.